அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை

அத்தியாயம் ஒன்பது

எடை பார்க்கும் நாளில் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து காலையில் வழக்கமான சமையல் வாசனை எழாது.

குண்டூசி எடை மெஷினில் ஏறி இறங்கும்வரை வாயில் எதையும் போடமாட்டாள். பெண் வெறும் வயிற்றோடு நிற்கும்போது தனக்கு எப்படி இறங்கும் என்று அம்மாவும் சாப்பிடமாட்டாள். மனைவியும் மகளும் பட்டினி என்றால் அப்பாவுக்கு வேறு வழியில்லை. அப்பாவின் தங்கையான அத்தைக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ரொட்டியை வாட்டி, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க நிதானமாகக் கடித்தாள்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க? நானா போய் உருளப் போறேன்?"

"நீ உருண்டா தாங்கற மெத்தை இன்னும் கடைக்கு வரலை," என்றார் அப்பா.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரை அடக்கி வைங்க."

"எனக்கு வீட்டுக்காரர் ஆகறதுக்கு முன்னாடியே அவர் உனக்கு அண்ணன். நீதான் அப்பவே அடக்கியிருக்கணும்," என்றாள் அம்மா.

தினமும் நடக்கிற பேச்சுதான். ஆனால் பேசி முடித்ததும் மூவரும் குண்டூசியைப் பார்த்தார்கள். குண்டூசி ஷூவின் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

போன வாரம் அப்பா கிளப்பிலிருந்தும் அம்மா பள்ளியிலிருந்தும் ஒரே செய்தியைச் சுமந்துகொண்டு வாசலில் முட்டிக்கொண்டது நினைவிருக்கும். இந்தப் பருவத்திலிருந்து மல்யுத்தம் பழகும் பிள்ளைகள் பள்ளிக்காகவும் மோதுவேன், கிளப்புக்காகவும் மோதுவேன் என்றால் முடியாது. ஏதாவது ஒன்றுதான். பருவத்தின் முதல் போட்டியில் எடை பார்க்கும் மேஜையில் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு வருஷம் முழுக்க மாற்ற முடியாது.

விதியில் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் மோதித் தோள்பட்டை இறங்கிப்போன பள்ளி அணிப் பெண் ஒருத்தியை அம்மாவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"நல்ல விதிதான். நம்ம வீட்டுக்குத்தான் பொருந்தலை," என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

எப்படிப் பொருந்தும்? அப்பா பகலில் லிப்ட் மெக்கானிக். சாயங்காலமானால் ஒரு பழைய சலவைக்கூடத்தில் நடக்கும் கிளப்பின் பயிற்சியாளர். அம்மா பள்ளியில் பி.டி. டீச்சர், பள்ளி அணி அவள் கையில். இருவருக்கும் ஒரே பெண். அவள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தாள். அந்த மட்டில் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது.

"அவளே முடிவு பண்ணட்டும். நாம யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்று இருவரும் கைகொடுத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இருவரும் வாயைத் திறக்காமல் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. அம்மா பள்ளி அணியின் படத்தை எடுத்துத் துடைத்துவிட்டுக் குண்டூசியின் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். "சுவர் ஓட்டையா இருந்துச்சு, மறைச்சேன்" என்றாள். அப்பா கிளப் மெத்தையைத் துடைக்கும்போதெல்லாம், "இந்த இடத்துலதான் முதமுதல்ல குட்டிக்கரணம் போட்டா" என்று பெருமூச்சு விட்டார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "மெத்தைகிட்ட" என்பார்.

தையல் கடை வைத்திருக்கும் அத்தைதான் சாமர்த்தியசாலி. கிளப்புக்குச் சிவப்பில் ஒன்று, பள்ளிக்கு நீலத்தில் ஒன்று, ஒரே அளவில் இரண்டு போட்டி உடை தைத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"கிளம்பலாமா?" என்று எழுந்தாள் குண்டூசி.

"ஒரு வார்த்தை... எங்ககிட்ட மட்டும்..." என்று அப்பா இழுத்தார்.

"ஒப்பந்தம்," என்றாள் அம்மா.

"நான் குடை எடுத்துக்கிட்டியான்னு கேக்க வந்தேன்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

போட்டி நடக்கும் உள்ளரங்கத்தில் காலடி வைத்ததும் ரப்பர் மெத்தையின் வாடையும் தைல நெடியும் மூக்கில் ஏறின. எடை பார்க்கும் அறைக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். குண்டூசிக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவள்தான் பம்பரம்.

பம்பரம் அப்பாவின் கிளப்பில் பழகுபவள். குண்டூசியின் வயது, குண்டூசியின் எடை. அவள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு என்று சொன்னாலே ஜன்னலைச் சாத்துவார்கள். அதனால் அவளுக்குக் கிளப்பைவிட்டால் கதியில்லை. பிடித்த பிடியிலிருந்து சுழன்று வெளியே வந்துவிடுவதால் அந்தப் பெயர். குண்டூசிக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். பார்க்க ஒல்லி, ஆனால் எதிராளியை மெத்தையோடு சேர்த்துக் குத்தி நிறுத்திவிடுவாள்.

"சிவப்பா, நீலமா?" என்று பம்பரம் கிசுகிசுத்தாள்.

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்ட கூடவா?"

"உன்கிட்டதான் முக்கியமா சொல்ல மாட்டேன்."

இரண்டு பேருக்கும் எடை சரியாக இருந்தது. வெளியே மேஜைக்குப் பின்னால் கழுத்தில் விசில் தொங்க ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அப்பா தண்ணீர்க் குழாயடியில் கை கழுவுவதுபோல் நின்றார். அம்மா தூணோரம் நின்று தூணிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினாள்.

"பள்ளியா, கிளப்பா?"

"பள்ளி," என்றாள் குண்டூசி.

குரலில் நடுக்கமே இல்லை. அம்மாவின் முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது. அவள் கண் குழாயடிப் பக்கம் போய்விட்டது. அப்பா திறந்த குழாயை மூடவில்லை. தண்ணீர் அவர் ஷூவின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

குண்டூசி நேராக அவரிடம் போய்க் குழாயை மூடினாள்.

"அப்பா, கோவமா?"

"சே சே. எனக்கென்ன கோவம். அம்மா ஸ்கூல் நல்ல ஸ்கூல். வெளிச்சம், காத்து எல்லாம் இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம கூடத்துல கொஞ்சம் சோப்பு நாத்தம் இன்னும் போகலைதான்..."

"அப்பா, நான் அம்மாவுக்காகப் போகலை. அம்மா, நீயும் வா, கேளு." இருவரையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டாள். "கிளப்புல ஒரு எடைக்கு ஒருத்தரைத்தான் அனுப்புவீங்க. ஒரு தடவை நான், ஒரு தடவை பம்பரம். ஸ்கூலுக்கு நான் ஆடுன போட்டிக்கெல்லாம் கிளப் வராது, இந்த வருஷம்தான் ரெண்டையும் சேர்த்து நடத்தறாங்க. அதனால நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் நேருக்கு நேர் மோதினதே இல்லை."

"தினமும் பழகறப்ப மோதறீங்களே?" என்றார் அப்பா.

"அது மோதலா? கடைசிப் பிடியில அவ கையைத் தளர்த்திடுவா. சார் பொண்ணுன்னு எனக்கு விட்டுக்கொடுக்கறா. நான் கேட்டா இல்லேம்பா. எனக்குத் தெரியாதா?" குண்டூசியின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "நான் நிஜமாவே நல்லா ஆடறேனா, இல்லை சார் பொண்ணா ஆடறேனா? எனக்கு அது தெரிஞ்சாகணும். அதுக்கு அவ எதிர்ல நான் வேற சட்டையில நிக்கணும்."

அப்பா குழாயடியிலிருந்து விலகி நின்றார். ஈர ஷூவோடு மெல்லச் சிரித்தார்.

"இவ்வளவு யோசிக்கற பிள்ளை நமக்கு எப்படிப் பிறந்துச்சு டீச்சர்?"

"என் பக்கம்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா கொண்டுவந்த அவித்த முட்டையும் வாழைப்பழமும் நிமிஷத்தில் காணாமல் போயின. நீல உடையில் குண்டூசி மெத்தைக்கு வந்தபோது மேல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அத்தை, "தையல் எப்படி உட்கார்ந்திருக்கு பாருங்க" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம் காட்டினாள்.

குண்டூசி முதல் ஆட்டத்தில் எதிராளியைச் சீக்கிரமே சாய்த்தாள். இரண்டாவதில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனாலும் கரையேறினாள். அடுத்த மெத்தையில் பம்பரமும் ஒவ்வொருத்தியாகச் சுழற்றிக் கடாசிக்கொண்டு வந்தாள். கடைசியில், குண்டூசி ஆசைப்பட்டதைப் போலவே, இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நீல மூலையில் அம்மா, சிவப்பு மூலையில் அப்பா.

"ஏம்மா, அவங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா?" என்று அத்தையின் பக்கத்து ஆள் கேட்டார்.

"ராத்திரி சாப்பாட்டுக்குள்ள ஆயிடுவாங்க," என்றாள் அத்தை.

விசில் ஒலித்தது.

பம்பரம் கையை நீட்டினாள், குண்டூசி தட்டிவிட்டாள். இரண்டு சுற்று சுற்றி வந்தார்கள். குண்டூசி பாய்ந்து ஒரு காலைப் பிடித்து உட்கார வைத்தாள். இரண்டு புள்ளி. பள்ளிப் பிள்ளைகள் கூரை பிய்ந்துவிடும்படி கத்தினார்கள். குண்டூசிக்குக் கத்தத் தோன்றவில்லை. பம்பரம் விழுந்த விதம் அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. கையைத் தளர்த்தி விழுந்திருந்தாள்.

"விடாதடி!" என்று பல்லைக் கடித்தாள் குண்டூசி. "இன்னைக்கு நீ விட்டா உன்னோட பேசவே மாட்டேன்."

பம்பரத்தின் கண்ணில் ஏதோ பளிச்சென்றது. அடுத்த நொடி அவள் குனிந்து அம்புபோல் உள்ளே வந்தாள். குண்டூசியின் இடது கால் அவள் இரண்டு கைக்குள் போய்விட்டது. இன்னும் ஒரு இழுப்புதான், குண்டூசி கீழே.

"இடுப்பைப் பின்னால தள்ளுடி!"

அரங்கம் முழுக்க எதிரொலித்த அந்தக் குரல் சிவப்பு மூலையிலிருந்து வந்தது.

குண்டூசி யோசிக்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து கேட்ட குரல். உடம்பு தானாகக் கேட்டது. இடுப்பு பின்னால் போனது, பிடி கழன்றது, சுற்றி வந்து பம்பரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இன்னும் இரண்டு புள்ளி.

யாரும் கத்தவில்லை. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்பாவிடம் நடந்தார்.

"சார், உங்க ஆளு சிவப்பு."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பம்பரம் மெத்தையில் முழங்காலிட்டபடி அவரையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அப்பாவால் தாங்கியிருக்க முடியும். 'இவ்வளவுதானா சார்?' என்று கேட்பதுபோல் ஒரு பார்வை.

நல்லவேளையாக முதல் பாதி முடிந்து இடைவேளை மணி அடித்தது.

அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

"பரவால்லை சார். உங்க பொண்ணு."

"வீட்டுக்குப் போனா அவ என் பொண்ணு. இந்த மூலையில நிக்கிறவரைக்கும் நான் உன் ஆளு. அதை நான் மறந்தேன். நீயும் மறக்காதே, மெத்தையில அவ சார் பொண்ணு இல்லை. நீ இத்தனை நாளா அவளுக்கு விட்டுக்கொடுத்துக்கிட்டே இருந்திருக்கே. அதைக் கவனிக்காத பயிற்சியாளரா இருந்திருக்கேன் பார், அதுக்கு இன்னொரு மன்னிப்பு."

பம்பரம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எதிர் மூலையில் துண்டால் குண்டூசியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"சொல்லிட்டாரு," என்றாள்.

"என்னத்தை?"

"நீ எப்பவும் இடது காலை முன்னாடி வெச்சுதான் நிப்பே. களைச்சிட்டா அதை எடுக்க மறந்துடுவே. உங்கப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அதைத்தான் அவகிட்ட சொல்லியிருக்காரு."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே!"

"சொன்னா காலைப் பத்தியே நினைச்சுக்கிட்டு ஆட்டத்தைக் கோட்டை விடுவேன்னு பயந்தாரு." அம்மாவின் கண் மின்னியது. டீச்சர் போய், போட்டிக்காரி வந்துவிட்டாள். "இப்ப கேளு. வலது காலை முன்னாடி வை. அவ இடதைத் தேடிக்கிட்டு வருவா. அங்க ஒண்ணும் இருக்காது. அப்படியே மேல விழுந்து அமுக்கிடு."

குண்டூசி எழுந்தாள். மறுபக்கம் அப்பாவைப் பார்த்தாள். எதிராளிக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்த அப்பா. கோபம் வரவேண்டும். வரவில்லை. ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்துத் தோற்கடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய ஆளாக அப்பா தன்னை நினைத்துவிட்டார் என்று பெருமையாக இருந்தது.

விசில்.

வலது காலை முன்வைத்து நின்றாள் குண்டூசி. பம்பரம் குனிந்தாள். தோள் குண்டூசியின் இடது காலை நோக்கிச் சாய்ந்தது. குண்டூசி காத்திருந்தாள். வா, வா...

பம்பரம் சாய்ந்தது பொய். காற்றில் திரும்பி நேரே வலது காலுக்குப் பாய்ந்தாள். குண்டூசி கூரையைப் பார்த்தாள். அடுத்து மெத்தையைப் பார்த்தாள். அதற்கடுத்து எதைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பம்பரம் பெயருக்கேற்றபடி அவளைக் கட்டிக்கொண்டு உருண்டாள். ஒரே மூச்சில் புள்ளி சமமாகிவிட்டது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

பிறகு நடந்ததை அந்த அரங்கத்தில் இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசுவார்கள். குண்டூசி இடித்துத் தள்ளி பம்பரத்தைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி ஒரு புள்ளி முந்தினாள். பம்பரம் விடவில்லை. இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, ஆட்டுக்கடாக்கள்போல் நின்றார்கள். எந்தக் கையும் தளரவில்லை. நேரம் முடிய மூச்சுவிடும் நேரமே இருந்தபோது பம்பரம் ஒரு சுழல் சுழன்றாள். குண்டூசி உட்கார்ந்தாள். மணி அடித்தது.

ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பம்பரம் ஜெயித்தாள்.

இருவரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள்.

"விட்டுக்கொடுத்தியா?" என்றாள் குண்டூசி, மூச்சிரைக்க.

"போடி. எனக்கு உயிரே போயிடுச்சு."

குண்டூசி சிரிக்க ஆரம்பித்தாள். தோற்றவள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து நடுவர் தலையில் எங்கேயாவது அடிபட்டதா என்று குனிந்து பார்த்தார். பம்பரமும் சிரித்தாள். இரண்டு பேரின் கையையும் பிடித்துத் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிப் பதக்கம். பள்ளிக்கு மல்யுத்தத்தில் கிடைத்த முதல் பதக்கம். பிள்ளைகள் குண்டூசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா மட்டும் அப்பாவைத் தேடிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள்.

"வலது கால்ல எப்படி வந்தா?"

அப்பா முகம் கழுவிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"முதல்ல இடது கால்னு சொன்னேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னதை நீ கண்டுபிடிச்சிருப்பே, காலை மாத்தச் சொல்லுவேன்னு தோணுச்சு. அதனால வலது கால்ல போன்னுட்டேன்."

அம்மா இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவுல நான் என்ன நினைக்கறேன்னு கரெக்டா தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"அப்ப வீட்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்ப மட்டும் ஏங்க தெரிய மாட்டேங்குது?"

அப்பா ஈரக் கையை அவள் கன்னத்தில் தண்ணீர் தெறிக்கும்படி உதறினார். அம்மா "ஐயே" என்று பின்வாங்கினாள். பின்வாங்கிய வேகத்தில் சிரித்தும்விட்டாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்காத சிரிப்பு அது.

சாயங்காலம் வீட்டில் அடுப்பு தூங்கவே இல்லை. காலையில் விட்டதையெல்லாம் அப்பா வட்டியோடு வசூலித்துக்கொண்டிருந்தார். அத்தை ஆட்டம் முழுவதையும் ஒரு தலையணையை வைத்து நடித்துக் காட்டினாள், தலையணைதான் ஜெயித்தது. குண்டூசி காலை நீட்டி உட்கார்ந்து, பதக்கத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"அடுத்த போட்டி எப்பம்மா? அவளை நான் விடறதா இல்லை. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இந்த வருஷம் முழுக்க இப்படித்தான்."

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பம்பரம். கழுத்தில் தங்கப் பதக்கம் அப்படியே இருந்தது. முகத்தில் மட்டும் பகலில் இருந்த சிரிப்பு இல்லை.

"வாம்மா சாம்பியன்! உட்காரு, சாப்பிடு," என்றார் அப்பா.

பம்பரம் உட்காரவில்லை. அம்மாவின் பக்கமாகத் திரும்பினாள்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல என்னைச் சேர்த்துப்பீங்களா?"

அப்பாவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"எங்க வீட்ல பதக்கத்தைப் பார்த்துட்டு அப்பா நல்லா இருக்குன்னாரு. அப்புறம், இதோட போதும், இனிமே கிளப்புக்கெல்லாம் போக வேண்டாம், ஒழுங்கா படின்னுட்டாரு. அழுதேன். கெஞ்சினேன். கடைசியில, பள்ளிக்கூடமே விளையாடச் சொன்னா அது வேற விஷயம்னாரு." ஒரு மூச்சில் சொல்லி நிறுத்தினாள். "உங்க ஸ்கூல்ல சேர்ந்தாத்தான் டீச்சர் நான் இனிமே ஆட முடியும்."

அப்பா கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். "விதி?" என்றார் அம்மாவிடம், சத்தம் வராமல்.

"கிளப்னு சொல்லிட்டு வருஷ நடுவுல மாற முடியாது. பள்ளிக்கூடமே மாறினா என்ன சொல்லுவாங்கன்னு தெரியலை. கேட்டுத்தான் பார்க்கணும்." அம்மா யோசித்தாள். "சரின்னு சொன்னாலும், ஒரு எடைக்கு ஒருத்தரைத்தான் நானும் அனுப்ப முடியும்."

எல்லோரும் குண்டூசியைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் ஆசைப்பட்டு, இன்று ஒரே ஒரு தடவை கிடைத்த எதிராளி. அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்? வராவிட்டால் அவள் எந்தப் பக்கமும் இருக்கமாட்டாள்.

குண்டூசி எழுந்துபோய் பம்பரத்தின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். தன் தட்டை அவள் முன்னால் தள்ளினாள்.

"முதல்ல சாப்பிடு," என்றாள். "அப்புறம் எல்லாருமா உங்க வீட்டுக்குப் போறோம். உன்னைக் கிளப்புக்கு விடச் சொல்லி உங்கப்பாகிட்ட நான் பேசறேன்."

"நீயா?" என்றார்கள் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் ஒரே நேரத்தில்.